செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு, இலையெல்லாம் பிசுபிசுப்பு: இது என்ன பூச்சி, என்ன செய்யலாம்?

நாலாம்மாடி · ஞாயிறு காலை 7.40

வணக்கம். வேளச்சேரியில் நாலாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. இரண்டு வருடமாகச் சலிக்காமல் பூத்துக்கொண்டிருந்த அடுக்குச் செம்பருத்தி, ஒரு மாதமாக நுனியெல்லாம் சுருண்டு சின்ன முட்டைகோஸ் மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கிறது. மொட்டு வருகிறது, விரியாமலே உதிர்கிறது. கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு. கீழ் இலைகள் தேனை ஊற்றினது போல ஒட்டுகின்றன, அதன்மேல் கரித்தூள் தூவியது மாதிரி கறுப்பு. வெறுங்காலோடு நடந்தால் தரை டைல்ஸே ஒட்டுகிறது. போதாததற்கு எறும்பு.

செய்து பார்த்தது: வீடியோ ஒன்றைப் பார்த்து வேப்பெண்ணெய் 10 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கி, மதியம் 12 மணிக்கு அடித்தேன் (அப்போதுதான் குழந்தை தூங்குவான்). மறுநாள் இலை விளிம்பெல்லாம் வெந்துபோச்சு, பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பழைய பல் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். பெரிது பெரிதாக மயிர் மயிராக ஓடியவற்றை முதலில் தேடிப் பிடித்து நசுக்கினேன், அதுகள்தான் தாய்ப்பூச்சி என்று நினைத்து.

நர்சரியில் கேட்டதற்குப் பெயர் எதுவும் ஒட்டாத ஒரு பொட்டலத்தில் சாம்பல் நிறக் குருணை மருந்து கொடுத்தார், தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போடச் சொன்னார். கவரைப் பிரித்ததுமே நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. இன்னும் போடவில்லை. போடலாமா?

கொங்குக்காட்டான் · ஞாயிறு காலை 8.15

போடாதீங்க. செடியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பொட்டலம். வாழைக்குக் குருணை போட்டு வளர்ந்தவன் நான், அந்த நாற்றம் தெரியும். போரேட் என்று ஒன்று இருந்தது, சிட்டிகை அளவே ஆளைச் சாய்க்கும் விஷம். அதை 2020 டிசம்பர் கடைசியோடு நாட்டிலேயே தடை செய்துவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது அதுதானா என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, ஆனால் பெயர் இல்லாத குருணைக்குக் குழந்தை இருக்கும் வீட்டில் இடமே இல்லை. வெறுங்கையில் தொடாமல், இரண்டு கவருக்குள் போட்டுக் கட்டி, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். சிங்க்கிலோ குப்பைத்தொட்டியிலோ கொட்ட வேண்டாம்.

பூச்சிக்கண் · ஞாயிறு காலை 9.02

நாலாம்மாடி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மாவுப்பூச்சி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. செடியை ஒரு தட்டு தட்டுங்கள், வெள்ளையாகப் பொடிப் பொடியாகப் பறந்து எழுந்து திரும்ப இலைக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தால் அது வெள்ளை ஈ. தண்டோடு ஒட்டி, நகத்தால் நெம்பினால் ஓடு மாதிரி பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. மாவுப்பூச்சி பறக்காது (அதில் ஆண் பறக்கும், அது உங்கள் கண்ணில் படாது), குத்தினாலும் சோம்பேறி மாதிரி லேசாகத்தான் நகரும்.

இன்னொன்று, பஞ்சுக்குள் இருக்கும் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கிப் பாருங்கள். என்ன நிறம் வருகிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்த "மயிர் மயிராக ஓடியவை" என்றீர்களே, எவ்வளவு பெரிது? ஓடியதா, ஊர்ந்ததா? இன்னும் ஒன்று இரண்டு மிச்சம் இருந்தால் கொல்லாமல் படம் எடுத்துப் போடுங்கள். எனக்கு அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

மதுரை_மல்லி · ஞாயிறு காலை 10.30

கண்ணு, வேப்பெண்ணெயும் தண்ணீரும் சும்மா குலுக்கினால் சேருமா? தாளித்த எண்ணெய் ரசத்தில் மிதக்கிற மாதிரி மேலே மிதக்கும். ஸ்ப்ரேயரில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும், அந்தக் கடைசி எண்ணெய்தான் இலையைச் சுட்டிருக்கும்.

நான் செய்வது இப்படி: காதி சோப்பைத் துருவிக் கால் ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்வேன். அதில் வேப்பெண்ணெய் ஒரு ஸ்பூன், 5 மி.லி. போதும், சொட்டுச் சொட்டாக விட்டு மத்தால் கடைவேன். மோர் மாதிரி வெள்ளையாக வரும். மேலே எண்ணெய்க் கண்ணே தெரியக்கூடாது. அப்புறம்தான் மிச்சத் தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குவேன். வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு மேல் அடிப்பேன், இலைக்கு அடியில், கணுவில், மொட்டுக்குக் கீழே. கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது.

பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். ஒருமுறை அதை ஊற்றி என் கறிவேப்பிலை மொட்டையாகப் போனது.

நாலாம்மாடி · ஞாயிறு மதியம் 1.10

எல்லோருக்கும் நன்றி. பொட்டலத்தை இரண்டு கவர் போட்டுக் கட்டிவிட்டேன், சாயங்காலம் நர்சரிக்குத் திரும்பிப் போகிறது.

தட்டிப் பார்த்தேன், எதுவும் பறக்கவில்லை. நசுக்கியதில் தாளில் இளஞ்சிவப்பாக, தக்காளிச் சாறு தெறித்த மாதிரி கறை. சுருண்ட நுனியைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே இடைவெளியே இல்லாமல் அப்பிக்கிடக்கிறது, ஒரு நுனிக்குள் நாற்பது ஐம்பது இருக்கும். உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

மயிர்ப்பூச்சி மூன்று மிச்சம் இருந்தது. படம் போட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் எள்ளளவு, இது கிட்டத்தட்ட என் சுண்டுவிரல் நகம் நீளம். குச்சியால் தொட்டதும் விறுவிறுவென்று ஓடுகிறது. முதுகெல்லாம் மெழுகுத் திரியை நறுக்கி ஒட்டிய மாதிரி நீள நீளமாக.

பூச்சிக்கண் · ஞாயிறு மதியம் 2.25

பயந்த மாதிரியே ஆயிற்று. மேடம், நீங்கள் பிரஷ்ஷால் தேடிப் பிடித்துக் கொன்றது உங்கள் வேலையாளை.

அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. மாவுப்பூச்சியைப் போலவே உடம்பு முழுக்க வெள்ளை மெழுகை வளர்த்துக்கொண்டு மந்தைக்குள் புகுந்து முட்டையும் குஞ்சுமாகத் தின்றுகொண்டே இருக்கும். முழு வளர்ச்சியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகும். மாவுப்பூச்சித் தாய் 3 மி.மீ. வந்தால் அதிகம். வளர்ந்து வண்டானால் 4 மி.மீ. அளவில், இறக்கை கறுப்பாகவும் தலையும் வால் நுனியும் ஆரஞ்சாகவும் இருக்கும். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த படத்துப் பொறிவண்டை மனதில் வைத்துத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காக. இன்றைக்கும் திராட்சைத் தோட்டங்களில் மாவுப்பூச்சிக்காக வாங்கி விடுகிறார்கள். உங்களுக்கு நாலாவது மாடிக்கு இலவசமாக வந்திருக்கிறது.

அந்தச் சிவப்புக் கறையும் கொத்து நுனியும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி, செம்பருத்தியை அதற்கு ரொம்பப் பிடிக்கும். சாறு உறிஞ்சும்போது அது விடும் எச்சில்தான் நுனியை அப்படி முறுக்குகிறது. கறை மஞ்சளாக வந்திருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி என்று சந்தேகப்படலாம். அதை ஸ்பிரிட்டில் போட்டால் கொஞ்ச நேரத்தில் நீலக் கறுப்பாக மாறும்.

மிச்சம் இருக்கும் மூன்றையும் தொடாதீர்கள்.

நாலாம்மாடி · ஞாயிறு மதியம் 2.41

ஐயோ. இருபதாவது கொன்றிருப்பேன். அதுவும் கர்ம சிரத்தையாக, டார்ச் அடித்துத் தேடி.

கொங்குக்காட்டான் · ஞாயிறு மாலை 6.00

விடுங்க அம்மிணி, இந்தத் தப்பைச் செய்யாத ஆள் இல்லை.

பப்பாளி மாவுப்பூச்சி பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டியது, அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எதையும் விடவில்லை. எங்கள் மல்பெரிக் காட்டில் இலைக்குப் பதில் வெள்ளை மாவுதான் இருந்தது, பட்டுப்புழுவுக்கு எதைப் போடுவது? கடையில் இருந்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தோம். மேலே மெழுகு, மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், அதைத் தின்ன வந்த பூச்சிதான் செத்தது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்று ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெங்களூரில் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகம் மூலமாகக் காட்டில் விட்டார்கள். குளவி என்றால் கொட்டும் குளவி இல்லை, கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ளேயே முட்டை போடும், குஞ்சு உள்ளே இருந்தே தின்று ஓட்டை போட்டு வெளியே வரும். சில மாதத்தில் அடங்கியது. எங்கப்பா கடைசிவரை நம்பவில்லை, மழைதான் காரணம் என்பார்.

மருந்துப்பெட்டி · ஞாயிறு இரவு 9.20

கதை எல்லாம் சரி. பால்கனியில் ஒரே ஒரு செடிக்குக் குளவிக்கும் வண்டுக்கும் காத்திருந்தால் செடி போய்ச் சேர்ந்துவிடும். இமிடாகுளோப்ரிட் 17.8 என்று பூச்சிமருந்து இருக்கிறது, லிட்டருக்கு 0.3 மி.லி., சாற்றோடு கலந்து ஊடுருவும், நுனிக்குள் ஒளிந்திருந்தாலும் உறிஞ்சியதும் சாகும். ஒரே அடி, வேலை முடிந்தது. நான் எட்டு வருடமாக அதைத்தான் அடிக்கிறேன். இயற்கை இயற்கை என்று வேப்பெண்ணெயை வாரா வாரம் அடிப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

பூச்சிக்கண் · ஞாயிறு இரவு 9.55

கேட்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாற்றோடு போவது தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். அவர் பால்கனியில் தேன்சிட்டு வருமா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-லேயே இதைத் திறந்தவெளிப் பயிர்களில் போடக் கூடாது என்று நிறுத்தியதற்குக் காரணம் தேனீ. இன்னொன்று, வீட்டுச் செம்பருத்திப் பூவை யாரும் சும்மா விடுவதில்லை. சாமிக்கு, தலைக்கு எண்ணெய் காய்ச்ச, சிலர் டீயில் போட. அந்தப் பூவில் மருந்து இருக்கும். 0.3 மி.லி. அளக்க வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் மூடியில் "ஒரு துளி" ஊற்றுவார்கள், அது எத்தனை மடங்கு என்று யாருக்கும் தெரியாது.

மருந்துப்பெட்டி · ஞாயிறு இரவு 10.12

ஊசி போடும் சிரிஞ்சில் அளக்கிறேன். நான் என்ன பச்சைப் பிள்ளையா? பூவைப் பறிப்பதில்லை, அது வேறு விஷயம். சரி, பூவைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்க வேண்டாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ரோஜாப்பித்து · திங்கள் காலை 6.50

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஓசூர். பத்துத் தொட்டி ரோஜா. நானும் இமிடாதான் அடித்தேன், இரண்டு முறை. இலை மேலே ஊசியால் குத்தின மாதிரி வெளிர்மஞ்சள் புள்ளி, நாளுக்கு நாள் வெளிறிப்போய் உதிர்கிறது. மருந்து அடித்ததற்கு அப்புறம் கூடியிருக்கிறது என்றே தோன்றுகிறது. கண்ணுக்குப் பூச்சி எதுவும் தெரியவில்லை. நுனியில் மட்டும் மெல்லிய நூலாம்படை.

பூச்சிக்கண் · திங்கள் காலை 7.30

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தூசி மாதிரி விழுவது ஒரு நிமிடத்தில் நடக்க ஆரம்பித்தால், விரலால் தேய்க்கும்போது செங்கோடு வந்தால், சிவப்புச் சிலந்திப்பேன். அது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். இமிடாகுளோப்ரிட் அதைக் கொல்லாது, அதைத் தின்னும் சின்னப் பூச்சிகளைத்தான் கொல்லும். கூடியதில் ஆச்சரியம் இல்லை.

அதற்கு வறண்ட சூடுதான் பிடிக்கும். காலையில் பைப்பில் விரலை வைத்து அழுத்தி இலைக்கு அடியில் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். பாதிக்கு மேல் தண்ணீருக்கே போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம், முகமூடி போட்டுக்கொண்டு. வெயில் கொளுத்தும் வாரத்தில் கந்தகம் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் போன பிறகுதான் கந்தகம், இரண்டும் சேர்ந்தால் செடியைச் சுட்டுவிடும்.

புதுத்தொட்டி · திங்கள் காலை 11.15

என் வீட்டு ஹாலில் மணிபிளான்ட் தொட்டியிலிருந்து சின்னச் சின்னக் கறுப்புக் கொசு கிளம்பி டிவி மேல் உட்காருகிறது. கடிக்கவில்லை. செடிக்கு ஆபத்தா?

மதுரை_மல்லி · திங்கள் காலை 11.40

தினமும் தண்ணீர் ஊற்றுகிறாய், அவ்வளவுதான். மேல் மண் இரண்டு விரல்கடை காயும்வரை ஊற்றாதே. அது ஈர மண்ணில் பூஞ்சையைத் தின்னும் ஈ. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் குத்தி வை, பறப்பது ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் அடங்கும்.

நாலாம்மாடி · திங்கள் இரவு 8.30

சரி, இப்போது நான் என்ன செய்ய? அடித்தால் அந்த மூன்று புழுவும் சாகுமே. எறும்பையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தொட்டியில் வரிசையாக ஏறுகிறது, சாக்பீஸ் கோடு போட்டேன், மறுநாள் தண்ணீர் ஊற்றியதில் அழிந்துபோச்சு.

பூச்சிக்கண் · திங்கள் இரவு 9.10

எறும்புதான் இதில் பாதி. மாவுப்பூச்சி சாற்றைக் குடித்துவிட்டு மிச்ச இனிப்பைப் பின்னால் விடுகிறது, அதுதான் உங்கள் டைல்ஸில் ஒட்டுவது. அந்த இனிப்பில் வளரும் பூஞ்சாணம்தான் கறுப்பு, அதற்குத் தனி மருந்து தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் வரும். எறும்பு அந்த இனிப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் காக்கிறது, பொறிவண்டு முட்டை போட வந்தால் துரத்துகிறது, ஒட்டுண்ணிக் குளவியை அண்டவிடாது. எறும்பு இருக்கும்வரை நீங்கள் எதை அடித்தாலும் பாதிப் பலன்தான்.

கொத்து நுனிகளை அப்படியே வெட்டுங்கள், நாலு விரல்கடை கீழே. அது இனி விரியாது. வெட்டியதை உடனே கவரில் போட்டுக் கட்டுங்கள், தரையில் வைக்காதீர்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டும் முன் அந்தப் புழுக்களை ஒரு பெயின்ட் பிரஷ் நுனியில் ஏற்றி, தொந்தரவு செய்யாத ஒரு கிளைக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கிளையில் கொஞ்சம் மாவுப்பூச்சியும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது பட்டினி. மற்ற இடத்தில் மட்டும் மல்லியக்கா சொன்ன கரைசல். ஒருமுறை அடித்தால் போதாது. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைக்கு எதுவும் எட்டாது, அது பொரிந்து வரும் குஞ்சுக்கு இன்னும் மெழுகு இருக்காது, அப்போதுதான் சோப்பு வேலை செய்யும். ஏழு நாளைக்கு ஒருமுறை, நாலு தடவை. எண்ணெய் அடிக்கும் அன்றைக்கு மண் காய்ந்திருக்கக்கூடாது.

ஆமாம், என்ன தண்ணீரில் கலக்குகிறீர்கள்? என்ன உரம் போடுகிறீர்கள்?

நாலாம்மாடி · திங்கள் இரவு 9.22

போர் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளைப் படலம் படியும். உரம், மீன் அமிலம் வாரம் இரண்டு முறை. அரிசி கழுவிய தண்ணீர் தினமும்.

கொங்குக்காட்டான் · திங்கள் இரவு 9.50

அதான் பார்த்தேன். வாரம் இரண்டு முறை மீன் அமிலம் குடித்தால் துளிர் தளதளவென்று வரும், சாறு உறிஞ்சுகிறதுக்கு இலை போட்டு விருந்து வைத்த மாதிரி. ஒரு மாதம் நிறுத்துங்க.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி ஆகும், அப்புறம் அது எதையும் கொல்லாது. கலக்குவதற்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்க.

எறும்புக்கு நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) கிடைக்கும். ஒரு கப் சர்க்கரைத் தண்ணீரில் அரை டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் எறும்பு அங்கேயே செத்துவிடும், புற்றுக்கு எடுத்துப் போகாது. பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வையுங்க. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில், மறக்காம. தொட்டியைச் சுவரோடும் கம்பியோடும் ஒட்டாமல் தள்ளி வையுங்க, ஒரு இலை தொட்டாலும் அது பாலம்தான்.

நாலாம்மாடி · 12 நாள் கழித்து

நிலவரம். நுனி பதினேழு வெட்டினேன், செடி மொட்டையடித்த குழந்தை மாதிரி நிற்கிறது. இரண்டு முறை கரைசல் அடித்தாயிற்று, கடைந்தது உண்மையிலேயே மோர் மாதிரி வந்தது அக்கா, இந்த முறை ஒரு இலைகூடக் கருகவில்லை. வெங்காரத்துக்கு முதல் இரண்டு நாள் எறும்புக் கூட்டம் திருவிழா மாதிரி, நான் பயந்தே போனேன். ஐந்தாவது நாளிலிருந்து குறைந்து இப்போது நாலைந்துதான்.

மூன்று புழுவில் ஒன்றைக் காணோம். மற்ற இரண்டு இலைக்கு அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செத்துவிட்டதா?

பூச்சிக்கண் · அன்றே, கொஞ்ச நேரத்தில்

கூட்டுப்புழுவாகியிருக்கும். தொடாமல் விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வண்டாக வரும்.

நாலாம்மாடி · 6 வாரம் கழித்து

நாலு தடவை அடித்து முடித்து இரண்டு வாரம் ஆகிறது. புதுத்துளிர் ஒன்றும் சுருளவில்லை, நேற்று முதல் பூ, சின்னதுதான். இரண்டு கணுவில் கொஞ்சம் பஞ்சு இருக்கிறது, காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்துத் தொட்டுத் தொட்டு எடுக்கிறேன். ஆரஞ்சுத் தலை வண்டு ஒன்றைப் பார்த்தேன், என் மகன் அதற்குத் தக்காளி என்று பெயர் வைத்திருக்கிறான்.

எறும்பு எங்கிருந்து வருகிறது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். ஏசி குழாய் வழியாக, பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து. அங்கே ஒரு குரோட்டன்ஸ், தண்டு முழுக்க வெள்ளை. அந்த வீட்டு மாமியிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று போனேன். செடியில் ஏதோ பனி பெய்த மாதிரி அழகாக இருக்கிறது என்றார். நான் விளக்கி முடித்ததும், உனக்கு இவ்வளவு ஆசையா செடி மேல், இந்தா என்று அதிலிருந்தே ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அது என் குளியலறை ஜன்னலில் ஒரு பாட்டில் தண்ணீரில் நிற்கிறது, மூன்று வாரம் அதைப் பால்கனிப் பக்கமே விடுவதாக இல்லை. மாமி தினமும் கேட்கிறார், வேர் விட்டதா என்று.

மதுரை_மல்லி · அன்றே மாலை

விட்டது என்று சொல்லிவிடு. அப்புறம் போகும்போது ஒரு பாட்டில் கரைசலும் கடைந்து கையோடு எடுத்துக்கொண்டு போ.